நேர்முகத் தேர்வில் வழுக்கும் இடங்கள்: யாழ்ப்பாணத்து இளையோருக்கு ஒரு வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன்னர், கணக்கு உதவியாளர் ஒருவரைத் தெரிவு செய்வதற்காக யாழ். நகரில் நடந்த நேர்முகத் தேர்வொன்றில், கேள்வி கேட்கும் மூவரில் ஒருவனாக நானும் இருந்தேன். தீவகத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண்பிள்ளையிடம் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கோ" என்று கேட்டபோது, தான் கடின உழைப்பாளி, குழுவாக இயங்கக்கூடியவர், நேரந் தவறாதவர் என்று ஆங்கிலத்தில் பாடமாக்கிய நான்கு வசனங்களை ஒரே மூச்சில் ஒப்புவித்தார். அதே வசனங்களை அன்று காலை அவருக்கு முன்னர் வந்த ஐந்து பேரும் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அவர் எழும்பப் போகும் வேளையில், சுயவிபரக் கோவையின் கடைசி வரியில் 'மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், பொருளாளர்' என்றிருந்ததைக் கண்டு, அங்கே என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"பெரிசா ஒண்டுமில்லை சேர்" என்றார். மீண்டும் கேட்ட பிறகே சொல்லத் தொடங்கினார். அங்கத்தவர்களின் சேமிப்பு ஏட்டில் ஆண்டிறுதியில் 360 ரூபாய் வித்தியாசம் வந்திருக்கிறது. சிறிய தொகைதானே, விட்டுவிடுவோம் என்று மற்றவர்கள் சொல்லியும் அவர் விடவில்லை. 360 என்ற எண் ஒன்பதால் மீதியின்றிப் பிரிபடுவதைக் கவனித்து, எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறி எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று ஊகித்து, பதிவுகளைப் பற்றுச்சீட்டுகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, 1,620 என்று வரவேண்டிய ஒரு தொகை 1,260 என்று எழுதப்பட்டிருந்ததை மூன்றாம் நாள் இரவு கண்டுபிடித்திருக்கிறார். மேசையின்மேல் விரலால் கோடிழுத்து, இந்தப் பக்கம் பற்று, இந்தப் பக்கம் வரவு என்று எங்களுக்கு விளங்கப்படுத்தினார். நாங்கள் தேடிக்கொண்டிருந்தது இப்படியொருவரைத்தான்; வேலை அவருக்கே கிடைத்தது.

அந்தக் கேள்வியை நான் கேட்காமல் விட்டிருந்தால், அவர் வெறுங்கையுடன் குறிகட்டுவானுக்குப் பஸ் ஏறியிருப்பார். நேர்முகத் தேர்வுகளில் எங்கள் பிள்ளைகள் விடும் பிழைகளில் மிகப் பெரியது இதுவென்றே நான் கருதுகிறேன்: உண்மையில் செய்த வேலையை "ஒண்டுமில்லை" என்று மறைத்துவிட்டு, யாரோ எழுதிக் கொடுத்த வசனங்களைச் சொல்லுவது. உடை, நேரம், கோவை போன்றவை எல்லாம் இதற்கு அடுத்தபடியானவை. ஆகவே இதிலிருந்தே தொடங்குகிறேன்.

செய்ததைச் சொல்லப் பழகுதல்

தேர்வுக்கு ஒரு கிழமைக்கு முன்னர் ஒரு கொப்பியை எடுத்து, நீங்களே பொறுப்பெடுத்துச் செய்த ஐந்தாறு காரியங்களை எழுதுங்கள். சம்பளத்துக்குச் செய்தவையாக அவை இருக்க வேண்டியதில்லை. கோயில் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தலின் வரவு செலவைப் பார்த்தது, விளையாட்டுக் கழகத்தின் சுற்றுப்போட்டிக்கு அணிகளைத் தொலைபேசியில் ஒழுங்குசெய்தது, சாதாரண தர மாணவருக்கு வீட்டு விறாந்தையில் கணிதம் படிப்பித்தது, மாமாவின் கடையில் இருப்பு எடுத்தது என்று எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றிலும் என்ன நிலைமை இருந்தது, அதில் நீங்கள் என்ன செய்தீர்கள், முடிவில் என்ன ஆயிற்று என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இயன்ற இடத்தில் ஓர் எண்ணையும் சேருங்கள். "பிள்ளைகளுக்குப் படிப்பித்தேன்" என்பதைக் கேட்டவர் உடனே மறந்துவிடுவார்; "எட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு வருடம் படிப்பித்தேன், ஆறு பேர் கணிதத்தில் சித்தியடைந்தார்கள்" என்பதிலிருந்து அவருக்கு அடுத்த கேள்வி பிறக்கும்.

எழுதியதைப் பாடமாக்க வேண்டாம். விடயம் மனத்தில் இருந்தால் வசனம் தானாக வரும். வசனத்தை மட்டும் மனத்தில் வைத்திருந்தால், கேள்வி சற்றுத் திரும்பியவுடன் நா எழாது. அக்காவையோ பக்கத்து வீட்டு ஆசிரியரையோ எதிரே இருத்தி, அதே விடயத்தை மூன்று விதமாகக் கேட்கச் சொல்லி வாய்விட்டுப் பதில் சொல்லிப் பாருங்கள். மனத்துக்குள் அழகாக ஓடும் பதில் வாயால் வரும்போது எங்கே தடுக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

எங்கள் பேச்சு வழக்கில் இருக்கும் இரண்டு சொற்களையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஒன்று "நாங்கள்". "நாங்கள் செய்தோம்" என்று சொல்வது நல்ல பண்புதான். வீட்டிலும் ஊரிலும் அப்படித்தான் வளர்க்கப்பட்டிருக்கிறோம். ஆனால் கேள்வி கேட்பவருக்கு அந்தக் கூட்டத்தில் உங்கள் பங்கு எது என்று தெரிய வேண்டியிருக்கிறது. "எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர், நிதி சேகரிக்கும் பொறுப்பு என்னுடையது" என்று சொன்னால் மற்றவர்களின் பங்கும் குறையாது, உங்கள் பங்கும் மறையாது. மற்றையது "ஓரளவுக்குத் தெரியும்". நன்றாகத் தெரிந்தவரும் அப்படித்தான் சொல்லுகிறார், அரைகுறையாகத் தெரிந்தவரும் அப்படித்தான் சொல்லுகிறார்; குழுவால் இருவரையும் பிரித்தறிய முடிவதில்லை. அந்தச் சொல்லுக்குப் பதிலாக, எதைச் செய்யத் தெரியும் என்பதைச் சொல்லுங்கள்: "சம்பளப் பட்டியல் தயாரிப்பேன், வங்கிக் கணக்கிணக்கக் கூற்றுச் செய்வேன், வரி தொடர்பான வேலை இன்னும் பழகவில்லை."

இதற்கு நேரெதிரான பிழையும் உண்டு. சுயவிபரக் கோவையில் 'எக்செல்: மிகச் சிறப்பு' என்று எழுதியிருந்த ஓர் இளைஞரிடம் மடிக்கணினியைக் கொடுத்து, ஒரு நிரலில் இருந்த இருபது தொகைகளைக் கூட்டச் சொன்னோம். அவர் சட்டைப் பையிலிருந்து கைத்தொலைபேசியை எடுத்து, அதன் கணிப்பானில் ஒவ்வொன்றாகக் கூட்டி, வந்த விடையைக் கீழே தட்டச்சுச் செய்தார். கூட்டல் சரியாக இருந்தது. ஆனால் கோவையில் இருந்த ஏனைய வரிகளையும் அதன் பிறகு நம்ப முடியாமல் போய்விட்டது. 'அடிப்படை அறிவு உண்டு' என்று எழுதியிருந்தால் பழக்கி எடுக்கலாம் என்று நினைத்திருப்போம். பொறுமையான பிள்ளை அவர். கோவையில் எழுதும் ஒவ்வொரு வரியும், அதைப் பற்றிக் கேளுங்கள் என்று நீங்களே விடுக்கும் அழைப்பு என்று கொள்ளுங்கள்.

எந்த வேலைக்குப் போகிறோம்

தனியார் நிறுவனம் என்றால் அது என்ன செய்கிறது, கிளைகள் எங்கே இருக்கின்றன, விளம்பரத்தில் கேட்ட தகைமைகள் எவை என்பதை முதல்நாளே வாசித்துவிடுங்கள். இயலுமானால் அந்தக் கடைக்கோ கிளைக்கோ ஒருமுறை போய் நின்று பாருங்கள். "உங்கள் கிளைக்குப் போன கிழமை வந்தேன், காலை பத்து மணிக்கு முதியவர்கள் நீண்ட நேரம் வரிசையில் நின்றார்கள்" என்று ஒருவர் சொன்னால், வேலையில் உண்மையான அக்கறை உள்ளவர் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

அரச பதவிகளின் நிலை வேறு. அங்கே பொது நேர்முகப் பரீட்சை என்றும், கட்டமைக்கப்பட்ட நேர்முகப் பரீட்சை என்றும் இரண்டு வகை உண்டு. முதலாவதில் புள்ளி இல்லை. நீங்கள் விண்ணப்பத்தில் எழுதிய தகைமைகள் மெய்யானவையா என்று சரிபார்ப்பதோடு அது முடிந்துவிடும். இரண்டாவதில் மேலதிகக் கல்வித் தகைமை, அனுபவம், மொழி, கணினி என்று தலைப்புவாரியாகப் புள்ளி இருக்கும். அந்தப் புள்ளித் திட்டம் வர்த்தமானியிலோ விளம்பரத்திலோ வெளிவந்திருந்தால், அதைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தலைப்புக்கும் உங்களிடம் எந்த ஆவணம் உண்டு என்று பார்த்துக் கோவையை அதே ஒழுங்கில் அடுக்குங்கள். அனுபவம் இருந்தும் அதற்குரிய கடிதம் இல்லாமல் புள்ளியை இழப்பவர்களைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. பழைய வேலையிடத்தில் இருந்து, பதவியையும் தொடங்கிய, முடிந்த திகதிகளையும் குறிப்பிடும் கடிதத்தை, அந்த வேலையை விட்ட அன்றே கேட்டு வாங்குவதுதான் சரி.

ஆவணங்களில் எங்கள் பகுதியில் அடிக்கடி எழும் சிக்கல் பெயர். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துக்கூட்டல், தேசிய அடையாள அட்டையில் இன்னொன்று, உயர்தரப் பெறுபேற்றில் வேறொன்று என்று இருக்கும். ஆங்கிலத்தில் தகப்பனாரின் பெயரை எழுதும்போது ஓரெழுத்துக் கூடும் அல்லது குறையும். இதை நேர்முகத் தேர்வு மேசையில் வைத்து முதன்முதலாகக் கண்டுபிடிக்கக் கூடாது. எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் இருவரும் ஒருவரே என்று உறுதிப்படுத்தும் சத்தியக்கடதாசியைச் சமாதான நீதவான் ஒருவரிடம் முடித்து வைத்திருங்கள். மூலப்பிரதிகள் ஒரு கோவையிலும், சான்றுப்படுத்திய பிரதிகள் இன்னொரு கோவையிலும் இருக்கட்டும்.

சுயவிபரக் கோவையில் உறவினரல்லாத இருவரின் பெயரைக் கொடுப்பீர்கள். அவர்களுக்கு முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லுங்கள். எந்தப் பதவி என்பதையும் சொல்லுங்கள். நிறுவனத்திலிருந்து அழைப்பு வரும்போது "யார், எந்தப் பிள்ளை?" என்று உங்கள் பழைய அதிபர் கேட்டால், அதற்குப் பிறகு அவர் எவ்வளவு நல்லதாகச் சொன்னாலும் அது எடுபடாது.

மொழியும் கேள்வி விளங்காமையும்

எந்த மொழியில் நடக்கும் என்பதை அழைப்பு வரும்போதே பணிவாகக் கேட்டுக்கொள்ளலாம். அதில் குறைவு எதுவுமில்லை. ஆங்கிலத்தில் நடந்தால், சிறிய, எளிய வசனங்களில் நிதானமாகப் பேசுங்கள். இலக்கணப் பிழை ஒன்றிரண்டு வந்தால் யாரும் பொருட்படுத்துவதில்லை. பிழை வந்துவிடுமோ என்ற அச்சத்தில் "யெஸ் சேர்", "நோ சேர்" என்று ஒற்றைச் சொல்லோடு நிற்பதுதான் வாய்ப்பைக் கெடுக்கிறது. சிங்களம் தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அரச சேவையில் புதிதாகச் சேர்பவர் மற்றைய அரசகரும மொழியிலும் குறித்த காலத்துக்குள் தேர்ச்சி பெறவேண்டும் என்ற விதி 2007 ஆம் ஆண்டு தொடக்கம் நடைமுறையில் இருப்பதால், அந்தப் பயிற்சியை முன்னரே தொடங்குவது எப்படியும் உதவும்.

கேள்வி விளங்காதபோது விளங்கியதுபோலத் தலையாட்டிவிட்டு வேறொன்றுக்குப் பதில் சொல்லுவது மிகவும் பரவலான பிழை. பள்ளிக்கூடத்தில் "விளங்கேல்லை" என்று கை உயர்த்தத் தயங்கிய பழக்கம் இங்கேயும் கூடவே வருகிறது. "மன்னிக்கவேண்டும், கேள்வியை இன்னொருமுறை சொல்ல முடியுமா?" என்றோ, "நீங்கள் கேட்பது பொருட்களைக் கொள்வனவு செய்யும் முறை பற்றியா?" என்றோ கேளுங்கள். பதில் தெரியாவிட்டால், "அது எனக்குத் தெரியாது, ஆனால் இப்படித்தான் தேடிப் பார்ப்பேன்" என்று சொல்லி நிறுத்துங்கள். பதில் சொல்லுமுன் இரண்டு மூன்று நொடி யோசிப்பதும் பிழையில்லை.

யாழ்ப்பாணத்தில் கட்டாயம் வரும் கேள்விகள்

"வெளிநாடு போற எண்ணம் இருக்கோ?" என்பது இங்கே ஏறக்குறைய எல்லாத் தனியார் நேர்முகத் தேர்விலும் வருகிறது. ஆளைப் பழக்கி எடுத்து ஓராண்டு முடியுமுன் கனடாவுக்கோ இலண்டனுக்கோ போய்விட்டார் என்ற அனுபவம் பல முகாமையாளர்களுக்கு உண்டு. பொய் சொல்ல வேண்டாம். உறவினர் ஊடாக அது பிறகு தெரியவரும் சிறிய ஊர் இது. போகும் எண்ணம் இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லி, இங்கே நிற்பதற்கான காரணத்தையும் ஒரு வசனத்தில் சொல்லுங்கள்: படிக்கும் தொழில்முறைப் பரீட்சை, பெற்றோரைப் பார்க்கும் பொறுப்பு, இந்தத் துறையில் இங்கேயே வளர வேண்டும் என்ற விருப்பம், எது உண்மையோ அது. முடிவெடுக்காத நிலையில் இருந்தால், "இப்போது அப்படியொரு ஏற்பாடும் இல்லை, பொறுப்பெடுத்தால் உரிய முன்னறிவித்தல் தராமல் விலகமாட்டேன்" என்பது நேர்மையான பதில்.

படிப்பிலோ வேலையிலோ வந்த இடைவெளியைப் பற்றியும் கேட்பார்கள். நான்கு ஆண்டுப் பட்டம் ஐந்தரை ஆண்டு எடுத்திருக்கும். 2020 இல் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன, 2022 இல் எரிபொருள் இல்லாமல் போக்குவரத்தே நின்றது. கேட்பவரும் இந்த நாட்டிலேதான் இருந்தவர். ஆகையால் நீண்ட விளக்கம் வேண்டாம். அந்தக் காலத்தில் நீங்கள் செய்தது ஏதேனும் இருந்தால் அதைச் சொல்லுங்கள். உயர்தரத்துக்கு மூன்றாம் தடவை தோற்றியதை ஒளிக்கவும் வேண்டாம், அதற்காகக் குனியவும் வேண்டாம்.

பெண்பிள்ளைகளிடம் கலியாணம் பற்றிக் கேட்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. ஆண்களிடம் கேட்காத கேள்வியைப் பெண்களிடம் கேட்பது முறையற்றது என்பதை, அந்த மேசையின் மறுபக்கத்தில் இருந்தவனாகவே சொல்லுகிறேன். ஆனாலும் கேட்டுவிட்டால், குடும்ப விபரத்துக்குள் போகாமல், "வேலை நேரத்துக்கும் வெளிக்களப் பயணத்துக்கும் எனக்குத் தடையில்லை" என்று அமைதியாகச் சொல்லி வேலையின் பக்கம் பேச்சைத் திருப்பலாம். அந்தக் கேள்வியையே மூன்று நான்கு தடவை துருவுகிற இடம் என்றால், அங்கே வேலை செய்வது எப்படி இருக்கும் என்பதையும் நீங்கள் யோசிக்க வேண்டும்.

நேரம், உடை, கூட வருவோர்

இருபது நிமிடம் முன்னதாகப் போய்ச் சேருங்கள். வியர்வை அடங்கவும், தலைக்கவசம் கலைத்த தலையைச் சீர்செய்யவும் அந்த நேரம் தேவைப்படும். நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாட்களும் கோயிலைச் சூழவுள்ள வீதிகள் மூடப்பட்டிருப்பதை மறந்து, சுற்றுப்பாதையில் அகப்பட்டுத் தாமதித்து வந்தவர்கள் உண்டு. நெடுந்தீவு போன்ற இடங்களிலிருந்து வருவோர், முக்கியமாக வாடைக்காற்றுக் காலத்தில், முதல்நாளே வந்து உறவினர் வீட்டில் தங்குவது நல்லது. கொழும்பில் தேர்வென்றால், இரவுப் பஸ்ஸில் ஏறக்குறைய 400 கிலோமீற்றர் பயணம் செய்துவிட்டு, தூங்காத கண்ணோடு நேரே அலுவலகத்துக்குப் போவதைத் தவிருங்கள். வெள்ளவத்தையில் தெரிந்தவர் வீட்டில் குளித்து உடை மாற்ற ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள்.

உடையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. தோய்த்து மினுக்கிய நீள்கைச் சேட், துடைத்த சப்பாத்து. பெண்களுக்குச் சேலையோ, அந்த அலுவலகத்துக்குப் பொருந்தும் ஒழுங்கான உடையோ போதும். புதுச் சேலையையும் புதுச் சப்பாத்தையும் அன்றைக்குத்தான் முதன்முதலாக அணியாதீர்கள். நெற்றியில் திருநீறு இருப்பதால் யாரும் புள்ளி குறைப்பதில்லை.

தகப்பனார் கூட வந்தால், அலுவலக வரவேற்பறையில் அல்ல, வெளியே தேநீர்க்கடையில் இருக்கட்டும். பெற்றோரின் பரிவு எனக்கு விளங்குகிறது. ஆனால் பிள்ளைக்குரிய கேள்விக்குத் தகப்பனார் பதில் சொல்லும்போது அந்தப் பிள்ளை தனியே ஒரு பொறுப்பை எடுக்குமா என்ற ஐயம் வந்துவிடுகிறது. தெரிந்த பெரியவர் ஒருவரைக் கொண்டு முகாமையாளருக்குத் தொலைபேசி எடுப்பிப்பதும் இப்படித்தான்; தகுதியான பிள்ளையையும் அது சிபாரிசில் வந்தவராக ஆக்கிவிடும்.

ஸூம் ஊடாக நடக்கும் தேர்வென்றால், கைத்தொலைபேசியைக் கண்மட்டத்தில் அசையாமல் நிறுத்தி, வெளிச்சம் முகத்தில் விழும்படி இருந்து, முதல்நாள் அதே நேரத்தில் ஒருமுறை பரீட்சித்துப் பாருங்கள். வீட்டுக்குப் பக்கத்தில் கோயில் ஒலிபெருக்கி போடும் நேரமா, மின்தடை அறிவித்திருக்கிறார்களா என்பதையும் பார்த்து, தேவையானால் நண்பர் வீட்டு அறையொன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சம்பளப் பேச்சு

"எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?" என்று கேட்டவுடன் "நீங்கள் பார்த்துத் தாங்கோ" என்பது எங்கள் வாயில் தயாராக இருக்கும் பதில். அது பணிவாகத் தோன்றினாலும், தன் வேலைக்கு என்ன பெறுமதி என்று இவர் யோசிக்கவில்லை என்றே கேட்பவர் எடுத்துக்கொள்வார். அதே மாதிரியான வேலையில் இருக்கும் இரண்டு மூன்று பேரிடம் முன்னரே விசாரித்து, "60,000 தொடக்கம் 70,000 வரை எதிர்பார்க்கிறேன்" என்பதுபோல ஓர் எல்லையைச் சொல்லுங்கள். அத்தோடு, அவர்கள் சொல்லும் தொகை கழிவுகளுக்கு முன்னரா பின்னரா என்று கேளுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்திலிருந்து 8 சதவீதம் கழிக்கப்படும்; தொழில்தருநர் தன் பங்காக 12 சதவீதம் செலுத்த வேண்டும்; ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கான 3 சதவீதமும் தொழில்தருநருடையதே, அதை உங்கள் சம்பளத்தில் கழிக்கக் கூடாது. அப்படிப் பார்த்தால் 60,000 ரூபாய்க்கு உங்கள் கழிவு 4,800. நிறுவனம் உங்கள் பெயரில் செலுத்த வேண்டியது 7,200 உடன் 1,800. "சேமலாப நிதி எப்போதிருந்து தொடங்கும்?" என்று கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம், தகுதிகாண் காலத்திலும் அது உங்களுக்கு உரியதுதான்.

"எங்களிடம் ஏதாவது கேட்க இருக்கிறதா?" என்று முடிவில் கேட்டால், "இல்லை சேர்" என்று எழும்பிவிடாதீர்கள். முதல் மூன்று மாதத்தில் என்னிடம் என்ன எதிர்பார்ப்பீர்கள், யாருக்குக் கீழே வேலை செய்வேன் என்ற இரண்டு கேள்விகளாவது உங்களிடம் இருக்க வேண்டும்.

வெளியே வந்த பிறகு

அன்று மாலையே, கேட்ட கேள்விகளையும் நீங்கள் தடுமாறிய இடங்களையும் கொப்பியில் எழுதுங்கள். அடுத்த தேர்வுக்கு அதைவிட நல்ல பயிற்சிப் புத்தகம் கிடையாது. முடிவு அறிவிப்பதாகச் சொன்ன நாள் கடந்தால் ஒருமுறை மின்னஞ்சலிலோ தொலைபேசியிலோ விசாரிக்கலாம். தினமும் வட்ஸ்அப்பில் கேட்பது வேண்டாம்.

தெரிவாகி நியமனக் கடிதம் வந்தால், மகிழ்ச்சியில் உடனே கையொப்பமிடாமல், பதவிப் பெயர், அடிப்படைச் சம்பளம், தகுதிகாண் காலம், விலகுவதற்கான முன்னறிவித்தல், பிணைத்தொகை ஏதும் உண்டா என்பவற்றை வீட்டில் இருந்து ஒருமுறை முழுவதுமாக வாசியுங்கள். சில இடங்களில் மூலச் சான்றிதழ்களைத் தாங்களே வைத்திருப்போம் என்பார்கள். மூலப்பிரதியைக் காட்டுங்கள், சான்றுப்படுத்திய பிரதியைக் கொடுங்கள், மூலப்பிரதிகளை எண்ணிப் பார்த்துக் கோவைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.